பொறியியல், அறிவியலில் முனைவர் ஆய்வு: சேர்க்கை, உதவித்தொகை, காலக்கெடு – ஒரு விளக்கம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகிய கற்களின் ஒளிர்வுப் பண்புகளை ஆராய்ந்த அன்னா மணி, 1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். அதற்குள் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனியொருவராக எழுதி வெளியிட்டிருந்தார். ஆயினும் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்படவில்லை. அவரிடம் முதுநிலைப் பட்டம் இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இளநிலைப் பட்டத்தின் அடிப்படையிலேயே உதவித்தொகை பெற்று ஆய்வில் சேர்ந்தவர் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை.

சுமார் 80 ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், முதுநிலைப் பட்டம் இல்லாத மாணவரும் முனைவர் ஆய்வில் நேரடியாகச் சேர்வதற்கு இந்தியாவில் இன்று வழி இருக்கிறது. ஆனால் அன்னா மணியின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் மாறிவிடவில்லை. திறமையும் உழைப்பும் மட்டும் முனைவர் பட்டத்தை உறுதிசெய்வதில்லை. சேர்க்கைத் தகுதி, உதவித்தொகை, காலக்கெடு ஆகிய மூன்று விதிகளையும் சேர்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். வாழ்வின் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளை ஒப்படைக்கும் முடிவு என்பதால், இதில் நேரும் பிழையின் விலை பெரிது. நாட்டின் முதன்மையான ஆய்வுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றான இந்திய அறிவியல் கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த விதிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

கழகத்தின் பின்னணி

ஐஐஎஸ்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அறிவியல் கழகம், தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் முயற்சியால் உருவானது. அவர் 1904-இல் காலமான பின்னரே, 1909-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஆணையின் மூலம் கழகம் நிறுவப்பட்டது. மைசூர் அரச குடும்பம் 371 ஏக்கர் நிலத்தைக் கொடையாக வழங்கியது. மாரிஸ் டிராவர்ஸ் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்க, 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். 1933-இல் சர் சி.வி. ராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

தொடக்க காலத்தில் இங்கு ஆய்வு செய்தவர்கள் முனைவர் பட்டத்துக்கு வேறு பல்கலைக்கழகங்களை நாட வேண்டியிருந்தது. அன்னா மணியின் ஆய்வேடு சென்னைக்குச் சென்றதும் அதனால்தான். 1958-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த பின்னர், கழகம் தானே பட்டங்களை வழங்கத் தொடங்கியது. 2018-இல் மத்திய அரசு இதனை மேன்மைமிகு கல்வி நிறுவனமாக அறிவித்தது.

உயிரியல், வேதியியல், இயற்பியல் மற்றும் கணிதம், மின்னியல்–மின்னணுவியல்–கணினி அறிவியல், இயந்திர அறிவியல், பல்துறை ஆய்வு ஆகிய ஆறு பெரும் பிரிவுகளின்கீழ் 40-க்கும் மேற்பட்ட துறைகளும் மையங்களும் இங்கு இயங்குகின்றன. விண்வெளிப் பொறியியல் முதல் சூழலியல் வரை, நானோ மின்னணுவியல் முதல் தட்பவெப்பநிலை மாற்றம் வரை ஆய்வுக் களங்கள் விரிந்துள்ளன. தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட 'பரம் பிரவேகா' என்ற மீக்கணினியும் 2022 முதல் இங்கு செயல்பட்டு வருகிறது.

யார் விண்ணப்பிக்கலாம்?

ஐஐஎஸ்சி-யில் முனைவர் ஆய்வு, அறிவியல் புலம், பொறியியல் புலம் என இரு கிளைகளாக நடைபெறுகிறது. அறிவியல் புலத்தில் எம்.எஸ்சி. பட்டதாரிகள் மட்டுமே சேர முடியும் என்றும், பொறியியல் புலத்துக்கு எம்.டெக். கட்டாயம் என்றும் பலர் கருதுகின்றனர். இவ்விரு கருத்துகளும் சரியல்ல.

பி.இ., பி.டெக். போன்ற நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள், உரிய தேசியத் தேர்வில் தகுதி பெற்றிருந்தால் நேரடியாக முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல் பட்டதாரிகள் அறிவியல் புலத்தின் பல துறைகளிலும், எம்.எஸ்சி. பட்டதாரிகள் பொறியியல் புலத்தின் சில துறைகளிலும் ஏற்கப்படுகின்றனர். எந்தத் துறை எந்தப் பட்டத்தையும் எந்தத் தேர்வையும் ஏற்கிறது என்பது துறைக்குத் துறை மாறுபடும். எனவே பொதுவான தகுதிப் பட்டியலோடு நின்றுவிடாமல், சேர விரும்பும் துறையின் அறிவிக்கையைத் தனியாகப் படிப்பது அவசியம்.

மூன்று ஆண்டு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பு உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய அறிவியல்களில் நடத்தப்படும் இப்படிப்பில், முதுநிலைப் பாடங்களையும் முனைவர் ஆய்வையும் ஒரே தொடர்ச்சியாக மேற்கொள்ளலாம். ஐஐடி-கள் நடத்தும் 'ஜாம்' தேர்வின் மதிப்பெண் இதற்கான முதன்மை நுழைவாயில்.

ஆய்வு நிறுவனங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் பணியாற்றுவோருக்கு வெளிப்பதிவுத் திட்டம் என்ற வாய்ப்பு உள்ளது. பணிபுரியும் நிறுவனத்தின் ஒப்புதலுடன் சேர்ந்து, பாடங்களை முடிப்பதற்காகக் குறிப்பிட்ட காலம் பெங்களூரு வளாகத்தில் தங்கிப் பயின்று, பின்னர் தங்கள் நிறுவனத்திலேயே ஆய்வைத் தொடரலாம்.

நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களுக்கு, பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் பொருந்தும். அவற்றின்படி, இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும், நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பின் ஓராண்டு முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் 55 சதவீத மதிப்பெண்ணுடன் விண்ணப்பிக்கலாம். முதுநிலைப் பட்டம் இன்றி, நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்துடன் நேரடியாகச் சேர விரும்புவோர் 75 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு வழங்கலாம். எம்.ஃபில். பட்டப்படிப்பு இதே ஒழுங்குமுறைகளால் முடிவுக்கு வந்தது.

தேசியத் தேர்வுகள்

பொறியியல் மாணவர்களுக்கு முதன்மையான தேர்வு 'கேட்'. ஐஐஎஸ்சி-யும் ஏழு ஐஐடி-களும் சுழற்சி முறையில் இதனை நடத்துகின்றன. இளநிலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே இத்தேர்வை எழுதலாம். இதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே இறுதியாண்டு முடியும் வரை காத்திராமல் ஒருமுறை எழுதிப் பார்ப்பது பயனளிக்கும். கேட் தேர்வில் அறிவியல் பாடங்களுக்கும் தனித் தாள்கள் உள்ளன.

அறிவியல் மாணவர்களுக்கு, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுவும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இணைந்து அளிக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான 'நெட்' தேர்வு முக்கியமானது. இயற்பியலுக்கு 'ஜெஸ்ட்', கணிதத்துக்குத் தேசிய உயர்கணித வாரியத்தின் தேர்வு, உயிரியல் துறைகளுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறை மற்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேர்வுகள் ஆகியவையும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

நெட் தேர்வைப் பொறுத்தவரை, 2024-இல் ஒரு முக்கிய மாற்றம் நடைமுறைக்கு வந்தது. தேர்ச்சி பெறுவோர் தற்போது மூன்று வகையினராகப் பிரிக்கப்படுகின்றனர். முதல் வகையினர் ஆராய்ச்சி உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் பணி, முனைவர் சேர்க்கை ஆகிய மூன்றுக்கும் தகுதியுடையவர்கள். இரண்டாம் வகையினர் உதவிப் பேராசிரியர் பணிக்கும் முனைவர் சேர்க்கைக்கும் தகுதி பெறுகின்றனர். மூன்றாம் வகையினருக்கு முனைவர் சேர்க்கைத் தகுதி மட்டும் உண்டு. இரண்டாம், மூன்றாம் வகையினரின் மதிப்பெண் முனைவர் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். இவர்களது சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதமும் மதிப்பளிக்கப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 'நெட் தேர்ச்சி' என்ற சொல் மூன்று வகையினருக்கும் பொதுவானது. உதவித்தொகை முதல் வகையினருக்கு மட்டுமே அதன் வழியாகக் கிடைக்கும். மற்ற இரு வகையினர் சேர்க்கை ஆணை பெற்றாலும், மாதந்தோறும் கைக்கு வரும் பணம் எது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும்

ஐஐஎஸ்சி-யில் ஆகஸ்ட் மாதம் தொடங்கும் கல்வியாண்டுக்கான விண்ணப்பங்கள் பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இணையவழியில் பெறப்படுகின்றன. கோடைக்காலத்தில் நேர்முகத் தேர்வுகள் நடைபெறும். பல துறைகள், ஜனவரியில் சேரும் வகையில் ஆண்டின் பிற்பகுதியில் மற்றொரு சுற்றையும் நடத்துகின்றன. மத்திய அரசின் விதிகளின்படி இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது.

தேசியத் தேர்வின் மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவதற்கான சீட்டு மட்டுமே. சில துறைகள் நேர்முகத்துக்கு முன் எழுத்துத் தேர்வையும் நடத்துகின்றன. நேர்முகத்தில் பெரும்பாலும் அடிப்படைகளே சோதிக்கப்படுகின்றன. மாணவர் தமக்கு நன்கு தெரிந்ததாகக் கூறும் ஓரிரு பாடங்களிலிருந்து எளிய வினா ஒன்றைத் தொடங்கி, கரும்பலகையில் படிப்படியாக அதனை விரித்துச் செல்வது தேர்வாளர்களின் வழக்கம். விடை தெரியாத இடத்தில் மாணவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை அவர்கள் கூர்ந்து பார்க்கின்றனர். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதைக் காட்டிலும், நேர்கோட்டு இயற்கணிதத்திலோ வெப்ப இயக்கவியலிலோ தெளிவாக இருப்பது அங்கு அதிகம் உதவும். சிறு ஊர்க் கல்லூரிகளில் பயின்ற மாணவர்கள் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

உதவித்தொகை எவ்வளவு?

மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் ஆராய்ச்சி உதவித்தொகையை உயர்த்தியது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கான இளநிலை உதவித்தொகை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாகவும், அடுத்த ஆண்டுகளுக்கான முதுநிலை உதவித்தொகை 35,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் மொத்தம் 24 லட்சம் ரூபாய். விடுதி வசதி பெறாதவர்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும்.

2018-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் தேர்வாவோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு 75,000 ரூபாய், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 80,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. இதன் ஐந்தாண்டு மொத்தம் 45 லட்சம் ரூபாய். இதைத் தவிர ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கப்படும். ஐஐடி-களிலும் ஐஐஎஸ்சி-யிலும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்காக ஐந்து ஆண்டுகளில் 10,000 உதவித்தொகைகள் இத்திட்டத்தின்கீழ் வழங்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்ற அறிவியல், பொறியியல் முதுநிலை மாணவர்களுக்கு அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கெனத் தனித் தேசிய உதவித்தொகைகளும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் முனைவர் உதவித்தொகையும் நடைமுறையில் உள்ளன.

ஐந்தாண்டு பணம், ஆறாண்டு காலம்

முனைவர் ஆய்வில் மாணவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுவே. மேற்கூறிய உதவித்தொகைகள் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்லை. மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளோ, ஆய்வை முடிக்கக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகளும் அதிகபட்சம் ஆறு ஆண்டுகளும் அளிக்கின்றன. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆக, விதிப்படி ஆய்வைத் தொடர்வதற்கு உரிமை இருந்தும், உதவித்தொகை நின்றுபோன நிலையில் ஒரு மாணவர் ஓராண்டோ அதற்கு மேலோ கழிக்க நேரிடலாம். குடும்பப் பொறுப்புகள் கூடும் வயதில் இந்த இடைவெளி வருகிறது. ஆய்வு முக்கால் பங்கு முடிந்த நிலையில் வேலைக்குச் சென்று, ஆய்வேட்டைப் பின்னர் எழுதலாம் என்று ஒத்திவைத்தவர்களில் பலருக்கு அந்தப் 'பின்னர்' வருவதே இல்லை.

இதனைத் தவிர்க்க, சேர்வதற்கு முன்பே நெறியாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். தங்களிடம் பயின்ற மாணவர்கள் பொதுவாக எத்தனை ஆண்டுகளில் முடித்தனர்? உதவித்தொகை முடிந்த பின் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து ஆதரவளிக்க வாய்ப்பு உண்டா? இக்கேள்விகளில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பொறுப்புள்ள நெறியாளர்கள் இவற்றை எதிர்பார்க்கவே செய்கின்றனர்.

நெறியாளரைத் தேர்ந்தெடுத்தல்

முதுநிலைப் படிப்பில் மாணவர் ஒரு கல்லூரியில் சேர்கிறார். முனைவர் ஆய்விலோ அவர் ஒரு நெறியாளரிடமும் ஒரு கேள்வியிடமும் சேர்கிறார். புகழ்பெற்ற நிறுவனத்தில் பொருந்தாத தலைப்பை எடுத்துக்கொள்வதைவிட, அவ்வளவு அறியப்படாத பல்கலைக்கழகத்தில் ஊன்றி ஆராயும் நெறியாளரிடம் சேர்வது மேலானதாக அமையக்கூடும்.

நெறியாளரைப் பற்றி அறிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற மின்னணுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன; ஐஐஎஸ்சி-யும் தனக்கென ஆய்வேட்டுக் களஞ்சியத்தைப் பேணுகிறது. ஒரு பேராசிரியரின் மாணவர்கள் அளித்த ஆய்வேடுகளை அவற்றில் தேடிப் படித்தால், எத்தகைய கேள்விகள் ஆராயப்படுகின்றன, எந்தத் தரத்தில் எழுதப்படுகின்றன, எத்தனை பேர் முடித்திருக்கின்றனர் என்பது ஓரளவு புலப்படும். அந்த ஆய்வகத்தின் தற்போதைய மாணவர்களிடம் பேசுவதும் அவசியம்.

மானியக் குழு விதிகளின்படி, பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் புதிய மாணவர்களை ஏற்கக் கூடாது. பதிவு செய்வதற்கு முன் இவ்விரண்டையும் சரிபார்த்தால், இடையில் நெறியாளர் மாறும் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கலாம்.

தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த துறை பொருந்தவில்லை எனில் அத்துடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. புரதங்களின் கட்டமைப்பை விளக்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' மூலம் உலகப் புகழ் பெற்ற ஜி.என். ராமச்சந்திரன், 1942-இல் ஐஐஎஸ்சி-யில் சேர்ந்தது மின் பொறியியல் துறையில்தான். தமது நாட்டம் இயற்பியலில் இருப்பதை விரைவில் உணர்ந்து, ராமனின் துறைக்கு மாறினார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1963-இல் அந்த வரைபடத்தை சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். மாற்றம் தேவையெனில் முதலாண்டிலேயே செய்துகொள்வது நல்லது என்பதற்கும் அவர் எடுத்துக்காட்டு.

ஆய்வின் படிநிலைகள்

சேர்ந்தவுடன் முதல் சில பருவங்களில் மாணவர் பாடங்களைப் பயில வேண்டும். மானியக் குழு விதிகளின்படி இதற்குக் குறைந்தது 12 கிரெடிட்டுகள் தேவை. 55 சதவீத மதிப்பெண்ணும் பெற்றாக வேண்டும். ஆய்வு நெறிமுறைகள் குறித்த பாடமும் இதில் அடங்கும். ஐஐஎஸ்சி போன்ற நிறுவனங்களில் அதன் பின்னர் முழுமைத் தேர்வு நடைபெறும். துறையின் அடிப்படைகளிலும் ஆய்வுத் தலைப்பிலும் மாணவரின் புரிதலைப் பேராசிரியர் குழு அதில் சோதிக்கிறது. அதில் தேறிய பின்னரே ஆய்வு முழு வேகம் பெறுகிறது.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். பணி நிறைவுறும் தறுவாயில் துறையினர் முன் கருத்தரங்க உரை நிகழ்த்தி, ஆய்வேட்டை அளிக்க வேண்டும். குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் அதனை மதிப்பிட்ட பின், பொது வாய்மொழித் தேர்வு நடைபெறும். ஆய்வேடு அளித்த ஆறு மாதங்களுக்குள் இந்நடைமுறைகளை முடிக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி.

ஆய்வேடு அளிப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022 ஒழுங்குமுறைகளில் நீக்கப்பட்டது. எனினும் பல துறைகளும், பின்னர் வேலை அளிப்போரும் தரமான கட்டுரைகளை எதிர்பார்க்கின்றனர்.

பெண்களுக்கான சலுகைகள்

மும்பையில் இளநிலைப் பட்டம் பெற்ற கமலா சோஹோனி 1933-இல் ஐஐஎஸ்சி-யில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் இயக்குநர் ராமன் அவருக்கு இடமளிக்க மறுத்தார். கமலா விடாப்பிடியாக நின்று போராடியதன் பின், கடும் நிபந்தனைகளுடன் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1939-இல் முனைவர் பட்டம் பெற்று, அறிவியல் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பை அடைந்தார்.

தற்போதைய விதிகள், பெண்களின் ஆய்வு இடைநிற்காமல் இருக்கச் சில வழிகளை வகுத்துள்ளன. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதிகபட்சக் காலத்தில் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு. மறுபதிவையும் சேர்த்தால் மொத்தம் 10 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பு பெறலாம். திருமணம் உள்ளிட்ட காரணங்களால் வேறு ஊருக்குக் குடிபெயர நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதுவரை செய்த ஆய்வுடன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். திருமணத்துடன் ஆய்வைக் கைவிடும் முன், இந்த விதியைக் காட்டிப் பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

முனைவர் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வி வழியாகவோ இணையவழியாகவோ பெற முடியாது. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் இணைந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வழங்கும் இணையவழி முனைவர் பட்டங்கள் செல்லாது என 2022 அக்டோபரில் மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக அறிவித்தன. பணிபுரிவோர் பகுதிநேரமாகச் சேரலாம். ஆனால் அவர்களுக்கும் பாடப்பயிற்சி, ஆலோசனைக் குழு, வாய்மொழித் தேர்வு ஆகிய அனைத்தும் பொருந்தும்.

விதிகளை மீறி முனைவர் பட்டங்களை வழங்கியதாக, ராஜஸ்தானைச் சேர்ந்த மூன்று பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முனைவர் சேர்க்கை நடத்த 2025 ஜனவரியில் மானியக் குழு தடை விதித்தது. எனவே எளிதில் கிடைக்கும் பட்டத்தை நாடுவது, பணத்தோடு காலத்தையும் இழக்கச் செய்யும்.

கருத்துத் திருட்டு குறித்த 2018-ஆம் ஆண்டு விதிகளும் கடுமையானவை. ஆய்வேட்டில் பிறருடைய எழுத்துடன் ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி அளிக்க வேண்டும். 40 சதவீதத்தைத் தாண்டினால் ஓராண்டு தடை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

பட்டத்துக்குப் பின்

வேலைக்காக மட்டும் முனைவர் ஆய்வில் சேர எண்ணுவோர், 2023 ஜூலையில் வந்த மாற்றத்தை அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்றும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்றும் மானியக் குழு அறிவித்தது. பொறியியல் கல்லூரிகளில் இணைப் பேராசிரியர் முதலான உயர் பதவிகளுக்கு முனைவர் பட்டம் தேவை.

ஆய்விலேயே தொடர விரும்புவோருக்கு முனைவர் பட்ட மேலாய்வு வாய்ப்புகள் உள்ளன. 2023 உயர்வின்படி ஆராய்ச்சி இணையருக்கு நிலைக்கேற்ப மாதம் 58,000 ரூபாய் முதல் 67,000 ரூபாய் வரை வழங்கப்படுகிறது. விண்வெளி, பாதுகாப்பு, மருந்து, குறைக்கடத்தி, கணினித் துறைகளின் ஆய்வகங்களும் முனைவர்களைப் பணியமர்த்துகின்றன. ஆனால் ஐந்தாண்டுக் காலம் ஒரே கேள்வியுடன் வாழும் விருப்பம் இல்லாதவருக்கு, இவற்றில் எதுவும் ஆய்வுக் காலத்தின் சோர்வை ஈடுசெய்யாது.

முனைவர் பட்டம் மறுக்கப்பட்ட அன்னா மணி, அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று வானிலைக் கருவிகள் குறித்துப் பயின்றார். 1948-இல் தாயகம் திரும்பி இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணிக்கு வழிகாட்டி, துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு குறித்து அவர் தொகுத்த தரவுகள், சூரிய ஆற்றல் துறைக்கு அடித்தளமாயின. பட்டம் பெறாத அவரது ஆய்வேடு, பெங்களூருவிலுள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அவருக்கு அன்று மூடப்பட்ட கதவு, இன்றைய மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே செல்லும் முன், தமக்குரிய சேர்க்கைத் தகுதி எது, உதவித்தொகை எத்தனை மாதங்களுக்கு, நெறியாளர் யார், முடிக்க வேண்டிய நாள் எது என்ற நான்கு விவரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு மாணவருக்கும் நலம் பயக்கும்.